பேச்சியின் மூட்டை

"களவாணிச் சிறுக்கி! மூட்டையப் போட்டுட்டு வெளிய போடி!"

"யாருக்கும் ஆகாத சாமான்யா இது."

"என் தோப்புல ஆகாததும் எனக்குத்தான்."

கூலிக்காரி பேச்சியின் குடிசையையும் அன்றே பிரித்துப்போட்டார் மாந்தோப்பு முதலாளி வெள்ளைத்துரை.

மறுவருஷம் அவருடைய மாம்பழத்தைப் போடிச் சந்தையில் சீந்துவாரில்லை. வெட்டினால் கொட்டைக்குள்ளிருந்து வண்டு வந்தது.

விவசாய ஆபீசர் ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். "மூக்கு நீண்டிருக்கு. கூன்வண்டுதான். உதிர்ந்து கெடக்கிற கொட்டையிலதான் பெருகும். பொறுக்கி எரிக்கணும். இத்தனை வருஷம் எப்படித் தப்பிச்சீங்க?"



காவல்காரர் ராக்கையா சொன்னார்: "அடுப்பெரிக்கன்னு பேச்சி ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டுப் போவாய்யா. போன வருஷம் அந்த மூட்டையப் பிடுங்கி, மரத்தடியிலயே கொட்டச் சொன்னாரு மொதலாளி."