ஆலை மதிலின் சுண்ணாம்பு

தவிட்டுக்குருவி இட்ட இரண்டு முட்டைகளும், அது அடைகாக்க உட்கார்ந்ததுமே அப்பளம் போல நொறுங்கிவிட்டன. மூன்றாவது முட்டை வயிற்றில் இருந்தது. விடிந்தால் இட்டாக வேண்டும். அதன் ஓடாவது கெட்டிப்பட, அதற்குள் ஒரு நத்தை ஓட்டைத் தின்றாக வேண்டும்.

காடெல்லாம் அலைந்து ஒரே ஒரு நத்தையைப் பிடித்தது குருவி. ஒரு கொத்துதான் கொத்தியது. நத்தையின் முதுகு வெங்காயச் சருகாகக் கிழிந்தது.

"என்ன இது, ஓடா சருகா?"

"என்னைக் கொன்னா உனக்கு ஒண்ணும் தேறாதுக்கா" என்று நத்தை நடுங்கியது. "மழை புளிக்க ஆரம்பிச்சதிலேர்ந்து மண்ணுல சுண்ணாம்பே இல்ல. எல்லாத்தையும் கரைச்சுக் கொண்டுபோயிடுச்சு. உயிரோட விடு, சுண்ணாம்பு இருக்கிற இடத்தைக் காட்டுறேன். அதோ, அந்த ஆலை மதில்!"

குருவிக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. நத்தையை அலகில் கவ்விக்கொண்டு பறந்தது.

மதில் முழுக்கப் புதிதாக அடித்த வெள்ளை. குருவி கொத்திக் கொத்தித் தின்றது. நத்தை அவசர அவசரமாக நக்கியது.

மதிலுக்கு உள்ளே புகைபோக்கி கக்கிய மஞ்சள் புகை, மேலே போய் மேகத்தோடு மேகமாகிக்கொண்டிருந்தது. அதிலிருந்து முதல் துளி நத்தையின் கிழிசலில் விழுந்து சுரீரென்று எரிந்தது.

"மழை வந்துடுச்சு! கரையறதுக்குள்ள தின்னுக்கா!"

வாய் நிறையச் சுண்ணாம்போடு குருவி புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தது. அதற்குக் கண் கலங்கிவிட்டது.

"யார் பெத்த பிள்ளையோ, நமக்குன்னு அடிச்சு வெச்சிருக்கான். அவன் அடுப்பு என்னைக்கும் அணையாம எரியணும்."