விடைகொடுக்கும் படம்

காலைப் பயிற்சிக்கு வந்த அணித்தலைவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். கூடைப்பந்துக் களத்தின் நடுவே விளக்குகள் கண்ணைக் கூசவைக்கின்றன; அவற்றின் பின்னே அவர் முகமே ஆளுயரத்தில் அச்சாகி, 'நன்றி, சென்று வருக' என்னும் எழுத்துகளோடு தொங்குகிறது. தாம் ஓய்வு பெறுவதாக அவர் எவரிடமும் சொன்னதில்லை. கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காத மேலாளர், "நேத்தே முடிவாயிடுச்சு சார். நீங்களே விலகுறதா சொன்னா உங்களுக்கும் கௌரவம்" என்கிறார். "முட்டி வீங்கிக் கிடந்தப்போ ஊசி போட்டு இறக்கிவிட்டீங்களே, அப்போ எங்கய்யா போச்சு இந்தக் கௌரவம்?" விடைகொடுக்கும் படம் எடுக்கக் கேமராவோடு நிற்கும் வீடியோக்காரர் பந்தை நீட்டுகிறார். "நடுக்கோட்டுல இதை வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம நடங்கண்ணே. மூஞ்சியைக் கொஞ்சம் வாட்டமா வச்சுக்கோங்க." அணித்தலைவருக்குக் கோபம் உச்சந்தலை வரை சுள்ளென்று ஏறுகிறது. பந்தைப் பிடுங்கி, பலங்கொண்ட மட்டும் தரையில் அறைகிறார். காலி இருக்கைகளின் வரிசையெங்கும் அவ்வோசை இடித்துத் திரும்புகிறது. "நான் இன்னும் ஆடுவேன்டா. என்னை அனுப்ப நீங்க யாருடா?" என்று அவர் கத்தும்போதே கண்கள் நிறைந்துவிடுகின்றன. வீடியோக்காரர் கேமராவிலிருந்து மெல்லத் தலை நிமிர்கிறார். "போதும்ண்ணே, அருமையா வந்திருக்கு. சத்தத்தை எடுத்துட்டுப் பாட்டு போட்டுக்கலாம்."