நல்லதாக நாலு வார்த்தை

"மாமி, மாப்பிள்ளையோட மாமா வந்து கேட்டா 'கௌரவமான குடும்பம்'னு சொல்லுங்க. 'மானமுள்ள குடும்பம்'னு மட்டும் சொல்லிராதீங்க," என்றார் சுயம்புலிங்கம்.

எதிர் வீட்டுப் பங்கஜம் மாமி காப்பிக்கொட்டை அரைப்பதை நிறுத்தினாள். "ஏன், ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்படி மாமி ஒண்ணாகும்? மானம்னு பேச்சு எடுத்தாலே, எப்பவோ ஒரு தடவை போயிருக்கும் போலன்னு தோணும்லா?"

மாமிக்கும் அது சரியென்றே பட்டது. "அப்படியே சொல்லிடறேன். எங்காத்துல அவரையும் சொல்லச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் மாமி. சார் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார்."

சுயம்புலிங்கத்துக்குப் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. மகள் ரத்னாவைப் பார்த்துவிட்டுப் போன கோபாலபுரத்துக்காரர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. ஒன்றுதான் பாக்கி. மாப்பிள்ளையின் தாய்மாமன் கனகராஜ், தெருவில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

இதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் இப்படி விசாரித்த பிறகுதான் 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று கடிதம் போட்டன. மூன்றாவதும் தட்டிப்போனால் ரத்னாவின் முகத்தில் விழிக்க முடியாது.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே தெருவில் இறங்கிவிட்டார்.

தையற்கடை ஷாஹுல் ஹமீது தாராள மனசுக்காரர். "புகழ்பெற்ற குடும்பம்னே சொல்லிடறேன் அண்ணாச்சி!"

"வேண்டாம் பாய். புகழெல்லாம் மேடை ஏறுறவங்களுக்கு. பொண்ணு இருக்கிற வீட்டுக்கு ஆகாது."

"அப்போ, அந்தஸ்து?"

"சீர் கூடக் கேப்பாங்க."

"செல்வாக்கு?"

"போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் பழக்கம்னு நினைப்பாங்க."

ஹமீது ஊசியில் நூல் கோத்தபடி யோசித்தார். "பேசாம, நல்லவங்கன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க. ஆனா ரொம்ப அழுத்தாதீங்க. ஏமாளின்னு ஆயிரும்."

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். "எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"இஸ்திரி வண்டி வேலம்மாகிட்ட?" என்றாள் மனைவி தங்கபுஷ்பம்.

"அவகிட்ட எதுக்கு..." என்றவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை வேலம்மா புது நைலக்ஸ் புடவையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டிருந்தாள். தங்கபுஷ்பம் நடுத்தெருவில் நின்று ஒரு மணி நேரம் கத்தியதாக, அவர் கடையிலிருந்து திரும்பியபோது வழியெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"நீயும் உன் வாயும்! ஓடிப்போய் அவகிட்ட ஒரு வார்த்தை தன்மையாப் பேசிட்டு வா."

"என் புடவையைப் பொசுக்கினவகிட்ட நான் போய் நிக்கணுமா? மாட்டேன்."

அதற்குள் தெருமுனையில் ஒரு குடை தெரிந்தது. கனகராஜேதான்.

சுயம்புலிங்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மாமி வீட்டில் இரண்டு நிமிஷம். தையற்கடையில் மூன்று நிமிஷம். சரி, முடிந்தது என்று மூச்சு விடும்போது குடை நேராக இஸ்திரி வண்டிக்குப் போய் நின்றது.

வேலம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள். இந்த வீட்டை நோக்கிக் கையை நீட்டினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

கால் மணி நேரம்.

"போச்சு," என்றார் சுயம்புலிங்கம். உள்ளே ரத்னா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

கனகராஜ் படியேறி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"மூணு பேரைப் பார்த்தேன் அண்ணாச்சி. எதிர் வீட்டம்மா 'கௌரவமான குடும்பம்'னு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிச்சாங்க. தையற்கடை பாய், 'நல்லவங்க, ஆனா ரொம்ப இல்லை'ன்னார்."

"இஸ்திரிக்காரி?" தங்கபுஷ்பமே கேட்டாள்.

"'அந்தம்மா வாய்க்கு இந்தத் தெருவே பயந்துக்கினு கீது'ன்னா."

சுயம்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"'பொடவையைப் பொசுக்கிட்டேன், கத்து கத்துன்னு கத்திச்சு. அப்பால என் கையைப் பாத்துச்சு. நெருப்புப் பட்டுக் கொப்புளமாக் கீது. உடனே பொண்ணைக் கூப்ட்டு மருந்து எடுத்தாரச் சொல்லிச்சு. பொண்ணு மருந்து போட்டுக்கினே கீது, அம்மா கத்திக்கினே கீது. இன்னிக்கும் துணி என்னாண்டதான் வந்துச்சு நைனா'ன்னா."

சுயம்புலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"மருந்து போட்டா புடவை ஓட்டை அடைஞ்சிருமாக்கும்," என்று முணுமுணுத்தபடி அவள் காப்பி கலக்க உள்ளே போனாள்.

"தை மாசமே வெச்சுக்கலாம் அண்ணாச்சி," என்றார் கனகராஜ்.

சுயம்புலிங்கம் எழுந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

செருப்பை மாட்டிக்கொண்ட கனகராஜ், போகாமல் தயங்கி நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கு நீங்களும் எங்க தெருவுக்கு விசாரிக்க வருவீங்கல்லா? டாக்டர், வக்கீல் யாரையும் கேக்காதீங்க அண்ணாச்சி. அவங்களுக்கெல்லாம் நேத்தே சொல்லி வெச்சுட்டேன்."