பதிவேட்டில் ஒரு கையெழுத்து

ஜனவரி விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவின் கிரான்பர்னிலிருந்து சயந்தினியும் கணவன் சுஜீதனும் உருகுவேயின் சிறிய கடற்கரை ஊரொன்றுக்குப் போனார்கள். தென்னமெரிக்காவுக்கு இருவரும் போவது அதுவே முதல்முறை. ஆனால் விடுதிக்காரி சுஜீதனைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். பதிவேட்டைத் திருப்பி அவனுடைய தமிழ்க் கையெழுத்தைக் காட்டினாள். தங்கியவர் ஒருவர் மட்டும் என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

“என்ர கையெழுத்துத்தான். ஆனா நான் இங்க வரவேயில்லையே,” என்று அவன் குழம்பினான்.

சயந்தினி திகதியைப் பார்த்தாள். அடுத்த வருஷ ஜனவரி.

விடுதிக்காரி அவள் கன்னத்தைத் தடவிச் சொன்னதைக் கைத்தொலைபேசி மொழிபெயர்த்தது: “மனைவி கிடைத்துவிட்டாரே! அன்றைக்கு இவர் நாள் முழுக்கக் கடலைப் பார்த்து அழுதார், பாவம்.”

“ஆரோ விளையாடுறாங்களப்பா,” என்று சுஜீதன் துவாயைத் தோளில் போட்டான். “வாரும், கடலுக்குப் போவம்.”

சயந்தினி மேசையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.