இரண்டு மணிக் கெடு

தசரதன் செல்போனை சைலன்ட்டில் போட்டார். கடையின் முன்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பின்வரிசையில் இருந்த பித்தளைக் குடத்துக்குள் அதை மெல்ல இறக்கினார். மனைவிக்குத் தெரிந்தால் தொலைந்தது.

மனைவி உண்ணாமலை முன்னால் யாவாரத்தில் இருந்தாள். மகளுக்குச் சீர் வாங்க வந்த கீழ்பென்னாத்தூர் அம்மாள் ஒருத்தி, கடையில் இருந்த குடங்களையெல்லாம் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"தட்டிப் பாருங்கம்மா. கணீர்னு கேக்குதா? மட்டப் பித்தளைன்னா தகர டப்பா மாதிரி சத்தம் வரும்."

"சத்தம் நல்லாத்தான் இருக்குது. வெலையைக் கேட்டாத்தான் காது அடைக்குது."

தசரதன் செருப்பை மாட்டினார். "பேங்க் வரைக்கும் போய்ட்டு வரேன்."

"போனை எடுத்துக்கினீங்களா?"

"பாக்கெட்ல இருக்கு."

"ரெண்டு மணி ஞாபகம் இருக்குல்ல? இன்னிக்குத்தான் கடைசி."

அந்த இரண்டு மணிதான் தசரதனின் வயிற்றெரிச்சல். காலையில் பங்கு வாங்கி அன்றைக்கே விற்பது அவருடைய பக்க யாவாரம். ஏறும், ஏறும் என்று உட்கார்ந்திருந்து ஒருமுறை பலமாகச் சுட்டுக்கொண்டதில், உண்ணாமலை கெடு வைத்துவிட்டாள். இரண்டு மணி ஆனால், என்ன விலையானாலும் விற்றுவிட்டு வெளியே வரவேண்டும். அவர் போனில் அலாரம் வைத்துக் கொடுத்ததும் அவள்தான். இவர் கை தயங்கினால் போனைப் பிடுங்கி அவளே பட்டனை அழுத்திவிடுவாள்.

அதோடு போனால் பரவாயில்லை. இவர் விற்று முடித்ததும், அதற்காகவே காத்திருந்தது போல விலை ஏறும். தினமும் ஏறும். தினமும் இவர் தலையில் அடித்துக்கொள்வார்.

காலையில்கூட அதே சண்டைதான்.

"கடிகாரத்தைப் பாத்தாடி யாவாரம் பண்றது? படி எறங்கிப் போற கிராக்கி நாலு கடை பாத்துட்டுத் திரும்பி வர்றதில்ல? அதுவரைக்கும் நாம பொறுமையா இல்ல?"

"கிராக்கி நம்ம மூஞ்சியைப் பாத்துத் திரும்பி வரும். உங்க பங்குக்கு நீங்க யாருன்னே தெரியாது."

கடைசியில் பேரம் இப்படி முடிந்தது: இன்றைக்கு லாபம் வந்தால் கெடு ரத்து. இன்றைக்கும் நஷ்டம் என்றால் பங்கு வாங்கி விற்கும் ஆப்பையே போனிலிருந்து எடுத்துவிட வேண்டும்; இந்த ஜென்மத்துக்குப் பங்கு பக்கம் தலைவைக்கக் கூடாது.

வாங்கியது ஒரு சர்க்கரை ஆலைப் பங்கு. மதியத்துக்குள் அது வாடிய கீரைக்கட்டு மாதிரி தொங்கிவிட்டது. போன் கையில் இருந்தால் இரண்டு மணிக்குப் பயத்தில் தானே விற்றுவிடுவோம் என்று தசரதனுக்குத் தெரியும். அதனால்தான் குடம். விற்காமல் விட்டால் மூன்று இருபதுக்குப் புரோக்கர் கம்பெனியே தானாக விற்றுக் கணக்கை முடித்துவிடும். அதுவரை பொறுத்தால் போதும்.

நேராகச் செங்கம் ரோட்டுக்குப் போனார். அங்கே லாட்ஜ் மேனேஜர் இராமலிங்கம், வரவேற்பு மேஜைக்கு மேலே டிவியில் பங்கு விலையை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தசரதா, போனைக் காணோம்?"

"வேணும்னே வெச்சுட்டு வந்தேன். இன்னிக்கு நானா பங்கான்னு பாத்துடலாம்."

இரண்டு மணிக்கு விலை இன்னும் கீழே போனது. தசரதன் கை சட்டைப் பாக்கெட்டைத் தடவித் தடவி ஏமாந்தது. "இந்நேரம் வித்திருந்தா கம்மி நஷ்டத்தோட போயிருக்கும்" என்று இராமலிங்கம் வேறு எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார்.

"வாயை மூடுய்யா."

இரண்டரைக்கு விலை அசைந்தது. இரண்டே முக்காலுக்கு நிமிர்ந்தது. மூன்று மணிக்கு, காலையில் வாங்கிய விலையைத் தாண்டி ஓடியது.

"ஏறுதுய்யா, ஏறுது!" இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் எழுந்து நின்றார்கள். அறைச் சாவிக்காகக் காத்திருந்த வெள்ளைக்காரம்மா, பார்த்துப் பார்த்து, தானே சாவியை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போனாள்.

மூன்று இருபது தாண்டியதும் தசரதன் இராமலிங்கத்தைக் கட்டிப்பிடித்தார். வழியில் அரைக் கிலோ பாதாம் அல்வா வாங்கினார். ஆட்டோக்காரர் கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுத்தார். கடை வைத்த நாளிலிருந்து அவர் செய்யாத காரியம் அது.

"வாயைத் திற, உண்ணாமலை!"

"இன்னா விசேஷம்?" அவள் அல்வாவை வாங்கிக்கொண்டாள்.

"லாபம்டி, லாபம்! மூணு இருபது வரைக்கும் விக்காமலே உட்கார்ந்திருந்தேன். இனிமே உன் ரெண்டு மணிக் கெடுவைக் கோபுரத்துல கட்டித் தொங்கவிடு."

உண்ணாமலையின் வாயில் அல்வா அப்படியே நின்றது. தசரதன் பின்வரிசையைப் பார்த்தார். குடம் இருந்த இடம் காலியாக இருந்தது.

"குடம் எங்கடி?"

"அதையேன் கேக்கறீங்க? அந்தக் கீழ்பென்னாத்தூர் அம்மா வேணாம்னு படி எறங்கிட்டாங்க. அப்போ பாத்து குடத்துக்குள்ளேர்ந்து, போன் சைலன்ட்ல இருந்தும், ரெண்டு மணி அலாரம் கணீர் கணீர்னு அடிச்சுது பாருங்க, கோயில் மணி தோத்துது. திரும்பி வந்து, இந்தக் குடந்தான் வேணும்னு சொன்ன வெலைக்கே வாங்கிட்டுப் போய்ட்டாங்க."

கல்லாப்பெட்டியைத் திறந்து போனை எடுத்து நீட்டினாள்.

"நீங்க மறந்து வெச்சுட்டுப் போய்ட்டீங்களேன்னு, பங்கையும் அப்பவே வித்துட்டேங்க."