கொட்டிலில் பத்துக் குதிரை

ஜீவகாருண்ய சங்கத்துக் கொட்டில் வாசலில் தேவசுந்தரி டீச்சர் நிலைகொள்ளாமல் நின்றாள். பத்து மணி ரயிலில் இறங்கிய ஜில்லா போர்டு ஆபீசர் பதினொன்றாகியும் வந்து சேரவில்லை.

"பன்னெண்டு ஜீவன் இருந்தாதான் மானியமா, டீச்சரம்மா?" என்றான் பக்கத்தில் நின்ற பாஷா.

"ஆங். இல்லேன்னா கொட்டிலை மூடணும். குருட்டு மாடுங்க ரெண்டும் அடிமாடாப் போயிடும்."

வேகாத வெயிலில், வியர்த்துக் கொட்ட, ஆபீசர் நடந்தே வந்தார். ஜீவன்களை எண்ணினார். மாடு இரண்டு, குதிரை பத்து. மாடுகளின் பழைய புண்ணில் வேப்பெண்ணெய் பளபளத்தது. அதையே வெகுநேரம் பார்த்தார்.

"குதிரைங்க எல்லாம் யாரோ கைவிட்டதா?"

"ஆமாங்க." என்றாள் டீச்சர். "ஓட முடியாததுங்க."

"ஸ்டேஷன் வாசல்ல பத்து ஜட்கா நிக்குதும்மா. ஒண்ணுலயும் குதிரை இல்ல."

ஜட்காக்காரன் பாஷா சாட்டையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

ஆபீசர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

"மானியம் வந்துடும். எனக்கு மூணு மணிக்கு ரயில். ஓட முடியாத இந்தப் பத்துல ஒண்ணைப் பூட்டச் சொல்லுங்க."