காது மெஷின் பேட்டரி

மதிய வெயில் தபால் நிலையக் கண்ணாடித் தடுப்பில் விழுந்து கண் கூசுகிறது. பஸ் டிரைவர் நீட்டிய சின்னப் பொட்டலத்தைக் குமாஸ்தா ஒற்றை விரலால் திருப்பித் தள்ளுகிறார். "பேட்டரி போகாதுண்ணே. அந்த நாட்டுக்கு நம்ம அரசாங்கம் தடை போட்டிருக்கு. ஏவுகணையில வச்சுருவாங்களாம்." "எங்க அக்கா காது மெஷினுக்குய்யா. சட்டைப் பொத்தான் சைஸ்தான் இருக்கு." "அப்ப சின்ன ஏவுகணை." வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். முத்திரை குத்தும் சத்தம் நிற்கவேயில்லை. டிரைவர் ஜன்னலோரம் ஒதுங்கி அக்காவுக்குப் போன் போடுகிறார். எல்லைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டுப் போனவள். புருஷனும் போனபின் தனிக்கட்டை. "தம்பிதானே? உன்னை விட்டா எனக்கு யாருடா பேசப் போறா. பேட்டரி தீர்ந்துபோச்சு, ஒண்ணுமே கேக்கல. அனுப்பிட்டியா?" "வாங்க மாட்டேங்குறாங்கக்கா!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். முத்திரைச் சத்தம்கூட நின்றுவிடுகிறது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. போனில் அக்கா தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டு போகிறாள். "அனுப்பியிருப்பே, எனக்குத் தெரியும். இப்ப நீ கத்தினாலும் எனக்குக் கேக்கப் போறதில்ல. அது வந்து சேரட்டும், அப்புறம் ஆற அமரப் பேசலாம்," என்று சொல்லி அவளே வைத்துவிடுகிறாள்.